மலைப்பாதையில் மிதிவண்டித் தலைக்கவசம்: சூட்டையும் வியர்வையையும் கையாளும் முறை

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக உதகைக்கு மிதிவண்டியில் ஏறுகிறவர்களில் பலர், கல்லாற்றைத் தாண்டி ஏற்றம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே தலைக்கவசத்தைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிக்கொள்கிறார்கள். தலை வேகிறது, வியர்வை கண்ணில் இறங்கி எரிகிறது, மெதுவாகத்தானே போகிறோம் என்பவை அவர்கள் சொல்லும் காரணங்கள். அந்த எரிச்சல் உண்மையானது. அதைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அதைக் குறைப்பதற்குக் கவசத்தைக் கழற்றுவதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை செலவில்லாதவை. பாதி, வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே செய்துகொள்ள வேண்டியவை. சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுப்பாளையத்தில் புறப்பட்டு 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகைக்கு ஒரே நாளில் ஏறி இறங்குகிறவருக்கு, அடிவாரத்தில் ஒரு தொல்லை, குன்னூருக்கு மேல் இன்னொரு தொல்லை, இறக்கத்தில் முற்றிலும் வேறொரு தொல்லை என்று நிலைமை மாறிக்கொண்டே போவதால், சமவெளிக்காகச் சொல்லப்படும் அறிவுரைகள் இங்கே பாதிவழிதான் உதவும்.

ஏற்றத்தில் கவசம் தேவையா என்ற கேள்வியைப் பந்தய உலகமும் சந்தித்திருக்கிறது. 2003 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் விழுந்த கசக்ஸ்தான் வீரர் ஆந்திரேய் கிவிலேவ் தலைக்காயத்தால் இறந்த பிறகு, அனைத்துலக மிதிவண்டி ஒன்றியம் அந்த ஆண்டு மே மாதம் முதல் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. ஆயினும், பந்தயம் மலையுச்சியில் முடிந்து, கடைசி ஏற்றமும் 5 கிலோமீட்டருக்குக் குறையாமல் இருந்தால், அந்த ஏற்றத்தில் மட்டும் கவசத்தைக் கழற்றிவிடலாம் என்று ஒரு விலக்கும் அளித்தது. பின்னர் அந்த விலக்கும் நீக்கப்பட்டது. பொது வாகனங்கள் ஓடாதபடி தடுத்துவைத்த சாலையில் ஏறும் வீரர்களுக்கே அந்த நிலை என்றால், அரசுப் பேருந்துகளும் காய்கறி லாரிகளும் சுற்றுலா வண்டிகளும் இறங்கிவரும் சாலையில் ஏறுகிறவர் அதைப்பற்றி இரண்டாவது முறை யோசிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. மெதுவாகப் போகிறோம் என்பது நம் வேகத்தைப் பற்றிய செய்திதான். வளைவில் எதிரே திரும்பும் வண்டியின் வேகத்தைப் பற்றியதன்று.

சூடு எங்கிருந்து வருகிறது

மிதிக்கும்போது தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் வண்டியை நகர்த்துகிறது; மீதி முழுவதும் உடலுக்குள் வெப்பமாக மாறுகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் 12 கிலோ வண்டியில் குன்னூர் மலைப்பாதையின் சராசரிச் சரிவை மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் மிதிகட்டையில் சுமார் 140 வாட் திறன் தேவைப்படும். அப்படியானால் உடலுக்குள் உண்டாகும் வெப்பம் ஏறத்தாழ 420 முதல் 560 வாட் வரை இருக்கும். இதை வெளியேற்றுவதற்கு உடலிடம் இருக்கும் பெரிய கருவி வியர்வைதான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச்செல்லும். ஆகவே மேற்சொன்ன ஏற்றத்தில் உண்டாகும் வெப்பம் அத்தனையையும் வியர்வையாலேயே போக்குவதாக வைத்துக்கொண்டால் மணிக்கு முக்கால் லிட்டர் ஆவியாக வேண்டும்.

இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியது, குளிர்ச்சியைத் தருவது ஆவியாகும் வியர்வைதான், வழிகிற வியர்வை அல்ல என்பது. புருவத்திலிருந்து சொட்டும் ஒவ்வொரு துளியும் உடல் நீரையும் உப்பையும் இழந்ததற்கு மட்டுமே கணக்கு. அதனால் ஒரு குளிர்ச்சியும் கிடைப்பதில்லை. மண்பானையைக் காற்றோட்டமான திண்ணையில் வைத்தால் தண்ணீர் குளிர்வதும், அதையே சாக்குப்பையால் சுற்றி மூலையில் வைத்தால் பானை நனைந்திருந்தும் தண்ணீர் குளிராமல் இருப்பதும் இதே காரணத்தால்தான். தலைக்கவசத்தின் உடல் தெர்மாக்கோல் வகையைச் சேர்ந்தது; வெப்பம் அதன் வழியே கடந்துபோகாது. எனவே தலையின் வெப்பம் வெளியேற இருக்கும் வழி, முன்துளைகளில் நுழைந்து, உட்புறப் பள்ளங்கள் வழியாகத் தலையை உரசிக்கொண்டு, பின்துளைகளில் வெளியேறும் காற்று ஒன்றுதான். மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிற சமவெளி ஓட்டிக்குத் தாராளமாகக் கிடைக்கும் அந்தக் காற்று, 8 கிலோமீட்டரில் ஏறுகிறவருக்குச் சிறு பங்காகக் குறைந்துவிடுகிறது.

இதோடு மலைக்கே உரிய ஒரு கெடுதலும் சேர்கிறது. வெயில் ஏறிய பிறகு மலைச்சரிவு சூடாவதால், பகலில் காற்று பள்ளத்தாக்கிலிருந்து சரிவைத் தழுவி மேல்நோக்கி வீசும். நாமும் மேல்நோக்கித்தான் போகிறோம். காற்று மணிக்கு 8 கிலோமீட்டரில் முதுகுப்பக்கமிருந்து வீச, நாமும் அதே வேகத்தில் ஏறினால், தலையைச் சுற்றி இருக்கும் காற்று நமக்கு அசையாத காற்றாகிவிடுகிறது. எத்தனை துளைகள் உள்ள கவசமும் அப்போது உதவாது. அதிகாலையில் நிலைமை தலைகீழாக இருக்கும். இரவில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருப்பதால், ஏறுகிறவருக்கு அது எதிர்காற்றாக நெற்றியில் படும். மலையோட்டிகள் காலையில் கிளம்பச் சொல்வதற்கு வெயில் தாழ்ந்திருப்பது மட்டும் காரணமில்லை, காற்றின் திசையும் ஒரு காரணம்.

தலையின் எரிச்சலை உடலின் நிலையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெப்பமான ஆய்வறைகளில் கவசத்தோடும் கவசமில்லாமலும் மிதிக்கவைத்துச் செய்த சோதனைகளில் உடலின் உள்வெப்பநிலையில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. உடலின் மேற்பரப்பில் தலையின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு என்பதால் இதில் வியப்பில்லை. ஆனால் முகமும் நெற்றியும் சூட்டையும் குளிர்ச்சியையும் மிகக் கூர்மையாக உணரும் இடங்கள். அங்கே கொஞ்சம் காற்றுப் பட்டாலே உடல் முழுவதும் குளிர்ந்ததுபோலத் தோன்றும். ஆகவே கவசம் உங்களை ஆபத்தான சூட்டுக்குள் தள்ளுகிறது என்று அஞ்ச வேண்டியதில்லை. அதேபோல, கவசத்தைக் கழற்றியதும் கிடைக்கும் சுகத்தை நம்பி, உடல் தணிந்துவிட்டது என்று மிதிப்பதைக் கூட்டவும் கூடாது.

கவசம் வாங்கும்போது

துளைகளின் எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்காதீர்கள். சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வுக்கூடத்தில், சூடேற்றிய செயற்கைத் தலையின்மேல் கவசங்களை மாட்டிக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்தபோது, கவசத்துக்குக் கவசம் வெப்பம் வெளியேறும் அளவு பெரிதும் வேறுபட்டது. கவசத்தின் சாய்வும் தலைமுடியும்கூட அந்த அளவை மாற்றின. கடையில் நீங்கள் பார்க்க வேண்டியது உட்புறத்தை. முன்துளையில் விரலை விட்டால், அங்கிருந்து பின்துளை வரை தடையில்லாமல் ஓடும் ஆழமான பள்ளங்கள் இருக்க வேண்டும். பல கவசங்களில் நெற்றிப் பஞ்சு முன்துளைகளுக்கு நேராகவே ஒட்டப்பட்டிருக்கும். வெளியிலிருந்து பார்க்கப் பெரிய துளை, உள்ளே பஞ்சுச் சுவர். உட்புறம் சுழலும் நெகிழித் தகடு பொருத்திய கவசமானால், தகட்டின் திறப்புகளும் கவசத்தின் துளைகளும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

நல்ல சோதனை ஒன்று உண்டு. கவசத்தை மாட்டி, வாரைப் பூட்டி, ஒரு மேசை விசிறியை மெதுவான வேகத்தில் சுழலவிட்டு அதன் எதிரே நில்லுங்கள். ஈரவிரலைப் பின்துளைகளின் அருகே வைத்தால் காற்று வெளியே வருவது தெரிய வேண்டும். பிறகு, ஏறும்போது குனிவதுபோலத் தலையைத் தாழ்த்தி மீண்டும் பாருங்கள். தலை தாழ்ந்ததும் காற்று நின்றுவிடுகிற கவசம் சமவெளிக்கு ஏற்றதாக இருக்கலாம், மலைக்கு ஆகாது. காற்றைக் கிழிப்பதற்காகத் துளைகளைக் குறைத்து வழவழப்பாகச் செய்த பந்தயக் கவசங்களையும், நகரத்துக்கென்று வரும் உருண்டைக் கவசங்களையும் இந்தப் பாதைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தையே மாட்டிக்கொண்டு மிதிக்கிறவர்களையும் பார்க்கிறோம். ஒரு கிலோவுக்கு மேல் எடையும் மூடிய உடலும் கொண்ட அது ஏற்றத்தில் ஒருவரைக் களைக்கவைத்துவிடும். மிதிவண்டிக் கவசங்கள் பெரும்பாலும் 250 முதல் 350 கிராம்தான். நிறத்தைப் பொறுத்தவரை, வெளிர்நிறம் வெயிலை ஓரளவு திருப்பியனுப்பும். எதிரே வருகிறவர் கண்ணிலும் எளிதில் படும்.

கிளம்பும் முன்

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். தேங்காயெண்ணெய் வியர்வையோடு சேர்ந்து நெற்றியில் இறங்கிக் கண்ணை மறைக்கும். பஞ்சில் ஊறி, அது வியர்வையை உறிஞ்சுவதைக் கெடுக்கும். இரண்டு மூன்று பயணங்களில் சிக்குநாற்றமும் வந்துவிடும். நீண்ட கூந்தலை உச்சியில் கொண்டையாகப் போட்டால் கவசம் மேலே எழும்பிச் சரியாக உட்காராது. கழுத்தருகே தாழ்வாகப் பின்னி, கவசத்தின் பின்புறத்தில் அளவைச் சரிசெய்யும் திருகுக்குக் கீழே பின்னல் வெளியே வரும்படி விடுவதுதான் பாதுகாப்புக்கும் காற்றோட்டத்துக்கும் நல்லது. முடி அடர்த்தியாக உள்ளவர்கள் கவசம் மாட்டும் முன் முடியை முன்னிருந்து பின்னாகச் சீவிக்கொண்டால், உட்புறப் பள்ளங்கள் அடைபடாமல் இருக்கும்.

கவசத்தின் முன்விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரல் மேலே இருக்க வேண்டும். வெக்கை தாங்காமல் அதைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்கிறவர்கள் இரண்டு வகையில் இழக்கிறார்கள்: விழுந்தால் நெற்றிக்குக் காப்பில்லை, முன்துளைகளும் வானத்தைப் பார்ப்பதால் காற்று நுழைவதில்லை. பின்புறத் திருகை அளவுக்குமேல் இறுக்குவதும் வேண்டாம். இறுக்கிய பஞ்சு பிழிந்த பஞ்சுதான். ஊறிய வியர்வை முழுவதையும் நெற்றியிலேயே விட்டுவிடும். வாரைப் பூட்டாமல் தலையை ஆட்டினால் கவசம் நகராமல் இருக்கும் அளவுக்குத் திருகினால் போதும்.

கண்ணில் வியர்வை இறங்குவதைத் தடுக்கக் கவசத்தின் பஞ்சை நம்புவது வீண். அது சிறிது நேரத்தில் நிறைந்துவிடும். மெல்லிய நெற்றிப்பட்டையோ பருத்தியாலான மிதிவண்டித் தொப்பியோ அணிவது நல்லது. இவை கிடைக்காதவர்கள் ஈரிழைத் துண்டிலிருந்து மூன்று விரல் அகலத்துக்கு ஒரு பட்டை கிழித்து, முடிச்சு கவசத்துக்குள் வராமல் கழுத்துக்குப் பின்னால் கட்டிக்கொள்ளலாம். மொத்தமான டர்க்கி டவல் துணி வேண்டாம். கவசத்தின் பொருத்தத்தையே மாற்றிவிடும். எந்தத் துணியாக இருந்தாலும் இரண்டு எடுத்துச்செல்லுங்கள்: ஒன்று நெற்றியில், மற்றொன்று சட்டைப்பையில் உலர்ந்த நிலையில். மலைப்பயணத்துக்கு நான் சொல்லும் யோசனைகளில் மிக எளியதும் மிகப் பயனுள்ளதும் இதுதான். அந்த இரண்டாவது துணியின் அருமை இறக்கத்தில் தெரியும்.

வெயில்தடுப்புக் களிம்பைப் புருவத்துக்கு மேல் தடவாமல் கன்னம், மூக்கு, காது, பின்கழுத்து ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நெற்றியில் தடவியது வியர்வையோடு கண்ணுக்குத்தான் வரும். நெற்றியைத் தொப்பியே காக்கும்.

கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை

சூட்டைத் தவிர்ப்பதற்காக இருட்டிலேயே கிளம்பலாம் என்ற எண்ணம் பலருக்கு எழும். இந்தப் பாதையில் அது தகாது. கல்லாறு, பர்லியாறு பகுதிகளில் யானைகள் சாலையைக் கடக்கும். பலாப்பழக் காலத்தில் இன்னும் மிகுதியாக வரும். ஆகவே நன்றாக விடிந்த பிறகு, ஆனால் சரிவுக்காற்று மேல்நோக்கித் திரும்பும் முன், கல்லாற்றைக் கடந்துவிடுவதே சரியான நேரக்கணக்கு. தாமதமாகக் கிளம்பிவிட்டால், வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஏறுவதைத் தவிர வேறு மருந்தில்லை.

பாக்குத் தோப்புகளும் அடர்ந்த மரங்களும் சூழ்ந்த இந்தக் கீழ்ப்பகுதியில் நிழல் உண்டு, காற்று இல்லை, ஈரப்பதமோ மிகுதி. தலைக்கவசத்துக்கு மிகக் கடினமான பகுதி இதுதான். வெயில் குறைவாக இருக்கிறதே என்று ஏமாந்து வேகமாக மிதிக்கிறவர்கள், வழியிலுள்ள மரப்பாலம் என்ற இடம் வரும்போது தொப்பலாக நனைந்திருப்பார்கள். இங்கே தலையை ஆறவைக்கும் வேலை கால்களிலிருந்து தொடங்குகிறது. எளிய கியரில், பேசிக்கொண்டே போகக்கூடிய மூச்சளவில் மிதித்தால், உண்டாகும் வெப்பமே குறைந்துவிடும். கைப்பிடியின் மேற்பகுதியைப் பிடித்து, முதுகைச் சற்று நிமிர்த்தி, பார்வையை முன்சக்கரத்தில் வைக்காமல் அடுத்த வளைவில் வைத்தால், முன்துளைகள் சாலையைப் பார்க்காமல் காற்றைப் பார்க்கும்.

கொண்டை ஊசி வளைவுகளைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வளைவிலும் பாதையின் திசை திரும்புவதால், அதுவரை முதுகில் வீசிய காற்று சில நிமிடங்களாவது முகத்துக்கோ பக்கவாட்டுக்கோ மாறும். ஓய்வுக்கு நிற்பதானால் பாறைச்சுவரை ஒட்டி நிற்காதீர்கள். வெயில் பட்ட பாறை சூட்டைத் திருப்பி உமிழும். சாலையைவிட்டு நன்றாக விலகி, பள்ளத்தாக்குப் பக்கம் திறந்த, பாதுகாப்பான இடத்தில், மேலேறி வரும் காற்றை எதிர்நோக்கி நில்லுங்கள். மிதிப்பதை நிறுத்தியதும் வியர்வை திடீரென்று பெருகும். உடலின் வெப்பம் உடனே குறையாமல் இருக்க, காற்றோட்டம் மட்டும் நின்றுபோவதால் அப்படி நேர்கிறது. அப்போது கவசத்தைக் கழற்றிவிடுவதே முறை. அதைக் கவிழ்த்துத் தரையில் வைக்காமல், உட்புறம் காற்றுப்படும்படி கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியில் மாட்டிவிட்டு அப்பால் போனால் குரங்குகள் விட்டுவைக்காது. வண்டியில் ஏறும்போது முதலில் கவசம், பிறகு மிதி என்ற ஒழுங்கைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வது பற்றி ஒரு வார்த்தை. துளைகள் வழியாக அரைப்புட்டி தண்ணீரைக் கொட்டுவது அந்த நிமிடத்துக்கு இதமாக இருக்கும். ஆனால் ஏற்கெனவே நனைந்த தலையில் விழும் தண்ணீரில் பெரும்பகுதி ஆவியாகாமல் முதுகில் ஓடிவிடும், போகிறபோக்கில் நெற்றியில் தேங்கிய உப்பையும் கண்ணுக்குள் கொண்டுவரும். நின்ற இடத்தில் கவசத்தைக் கழற்றி, நெற்றிப்பட்டையை நனைத்துப் பிழிந்து கட்டிக்கொண்டு, முகத்தையும் பின்கழுத்தையும் முன்கைகளையும் ஈரக்கையால் துடைத்துக்கொள்வது குறைந்த நீரில் கூடுதல் பயன் தரும். நீலகிரியில் நெகிழிக் குடிநீர்ப் புட்டிகளுக்குத் தடை இருப்பதால் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணாமல் சொந்தப் புட்டிகளைக் கொண்டுபோக வேண்டும். சாலையோரக் குடிநீர் இயந்திரங்களில் நிரப்பிக்கொள்ளலாம். குடிப்பதில் வெறும் தண்ணீரோடு நிறுத்தாமல், உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ இடையிடையே இருக்கட்டும்.

கீழ்க்கண்ட அறிகுறிகள் தோன்றினால், அது கவசத்தின் தொல்லை அல்ல, உடலின் எச்சரிக்கை: தலைவலியோடு குமட்டல், வெயிலிலும் உடல் சிலிர்ப்பது, தள்ளாட்டம், பேச்சில் குழப்பம். உடனே நிறுத்தி, நிழலில் படுக்கவைத்து, கவசத்தையும் இறுக்கமான உடைகளையும் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, துணியால் வீசிக்கொண்டே இருக்க வேண்டும். குழப்பமோ மயக்கமோ இருந்தால் குளிர்விப்பதை நிறுத்தாமல் 108ஐ அழையுங்கள். இன்னும் வியர்க்கிறது, அதனால் ஆபத்தில்லை என்று எண்ணிவிடக் கூடாது. கடும் உழைப்பால் வரும் வெப்பவாதத்தில் (ஹீட் ஸ்ட்ரோக்) வியர்வை நிற்காமலும் இருக்கும்.

குன்னூருக்கு மேலே

ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி என்ற கணக்கில் வெப்பநிலை இறங்குவதால், அருவங்காடு, கேத்தி வழியாக உதகை நோக்கி ஏறும்போது தொல்லை தீர்ந்துவிட்டதாகத் தோன்றும். சூடு தீர்ந்தது உண்மை. ஆனால் உயரம் கூடக்கூட, வெயிலின் புறஊதாக் கதிர்கள் ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடுகின்றன. காற்று குளிர்ந்திருப்பதால் வெயில் உறைப்பதில்லை. மாலையில்தான் தோல் சிவந்திருப்பது தெரியும். முடி குறைந்தவர்களுக்குத் துளைகளின் வடிவத்திலேயே உச்சந்தலை கருகிப்போவதுண்டு. மெல்லிய தொப்பி இங்கே வியர்வைக்காக இல்லாவிட்டாலும் வெயிலுக்காகத் தேவைப்படும்.

மூடுபனிக்குள் நுழைந்ததும், காற்றே ஈரமாக இருக்கும்போது வியர்வை எப்படி உலரும் என்று கேட்பவர்கள் உண்டு. தோலைப் பொறுத்தவரை இந்தக் கவலை தேவையில்லை. தோலின் வெப்பநிலை சுமார் 34 டிகிரி; அங்கே நீரின் ஆவியழுத்தம், அதாவது நீராவி தரும் அழுத்தம், 5.3 கிலோபாஸ்கல். அடிவாரத்தில் 30 டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றின் ஆவியழுத்தம் 3.2 கிலோபாஸ்கல். 15 டிகிரி மூடுபனியில் காற்று முற்றிலும் நிறைந்திருந்தாலும் அது 1.7 கிலோபாஸ்கல்தான். வியர்வை தோலைவிட்டுக் கிளம்புவதை நடத்துவது இந்த இடைவெளியே என்பதால், மூடுபனிக்குள் அது அடிவாரத்தைவிட விரைவாகவே கிளம்புகிறது. துணியின் கதை வேறு. தொப்பியும் பஞ்சும் சட்டையும் காற்றின் குளிர்ச்சியை அடைந்துவிடுவதால், அவற்றில் ஏறிய ஈரம் எங்கும் போகாமல் தங்கிவிடும். எனவே மூடுபனியிலும் சாரலிலும் ஏறும்போது தலையில் துணி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கவசத்தின் துளைகளை மூடும் மழையுறையை ஏற்றத்தில் போடாதீர்கள். உள்ளே ஊறும் வியர்வை, வெளியே பெய்யும் சாரலைவிட அதிகமாக நனைத்துவிடும்.

இறக்கம்

ஏற்றத்தில் நண்பனாக இருந்த ஈரம் இறக்கத்தில் எதிரியாகிறது. 10 டிகிரி குளிரில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது, உலர்ந்த தோலுக்கே அது சுமார் 6 டிகிரி குளிராக உறைக்கும். நனைந்த தலைக்கு இன்னும் கடுமையாக இருக்கும். டிசம்பர், சனவரிக் காலைகளில் தலைக்குந்தா பக்கம் உறைபனி படியும் நாட்களில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. தலையில் நீர் கோத்துக்கொள்ளும், சளி பிடிக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் எச்சரிப்பார்கள். சளியைக் கொண்டுவருவது குளிரன்று, நுண்கிருமிதான். ஆயினும் ஈரத்தலையில் குளிர்காற்று அறைந்தால் நெற்றி வலிக்கும், காது குத்தும், கண் கலங்கும், கைகள் விறைத்துப் பிரேக் பிடிப்பது தளரும் என்பதால், அவர்களுடைய எச்சரிக்கையைக் கேட்டு நடப்பதே நல்லது.

இறங்கத் தொடங்கும் முன், உச்சியில் நின்று குளிர்ந்துபோவதற்குள், கவசத்தைக் கழற்றித் தலையை அழுந்தத் துவட்டுங்கள். பஞ்சுகளை விரலால் அழுத்தி, ஊறிய நீரைத் துண்டில் ஒற்றி எடுங்கள். ஈரப்பட்டையை அகற்றிவிட்டு, சட்டைப்பையில் காத்திருக்கும் உலர்ந்த துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். குளிர் மிகுந்திருந்தால் காதை மூடும் மெல்லிய துணிக்குல்லா போதும். உதகைக் கடைகளில் தொங்கும் தடித்த கம்பளிக் குல்லாவைக் கவசத்துக்குள் திணிக்கவே கூடாது. கவசம் தலையைவிட்டு எழும்பி, விழும்போது நழுவிவிடும். மஃப்ளரைத் தாடைவாருக்கு மேல் சுற்றுவதும் ஆபத்துதான். நுனி தளர்ந்து சக்கரத்தில் சிக்கலாம். மழையுறையைப் பயன்படுத்த வேண்டிய இடம் இதுவே. ஏறும்போது திருகைச் சற்றுத் தளர்த்தியிருந்தால், வியர்வையில் முடியும் படிந்திருக்கும் என்பதால், மறுபடி மாட்டிப்பார்த்து இறுக்கிக்கொள்ளுங்கள். இறங்க இறங்கச் சூடு திரும்பும். குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒருமுறை நின்று குல்லாவையும் உறையையும் எடுத்துவிடலாம். அடிவாரம் வரை அப்படியே வந்தால் மீண்டும் நனைந்திருப்பீர்கள்.

வீடு திரும்பியபின்

வியர்வையின் உப்பு பஞ்சைக் கெட்டிப்படுத்தும், தோலில் கொப்புளமும் அரிப்பும் உண்டாக்கும். பஞ்சுகளைப் பிய்த்தெடுத்து, வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பு கொண்டு அலசி, நிழலில் உலர்த்துங்கள். கூடலூர், நடுவட்டம் பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையிலும் ஓரிரவில் எதுவும் உலராது. அங்கிருப்பவர்கள் இரண்டாவது பஞ்சுத் தொகுதி ஒன்றை வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது வீண்செலவாகாது. உலரவில்லையே என்று கவசத்தைக் கணப்பருகேயோ அறைச்சூடேற்றியின் முன்போ வைக்காதீர்கள். தெர்மாக்கோல் சூட்டில் சுருங்கிக் காக்கும் திறனை இழந்துவிடும். வெயிலில் நிறுத்திய காரின் கண்ணாடிக்குக் கீழே வைப்பதும் அப்படியே. பெட்ரோல், தின்னர், கொசுவிரட்டி, வண்ணப்பூச்சு ஆகியவற்றின் கரைப்பான்கள் ஓட்டையும் உள்ளுடலையும் கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். காற்றோட்டம் போதவில்லை என்று புதிய துளை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைச் செய்த கவசம் எந்த மோதலையும் தாங்கும் என்று நம்ப முடியாது.

தாடைவாரையும் பூட்டையும் திருகையும் வெறும் நீரில் கழுவி உப்பைப் போக்கினால், பூட்டு எளிதாகத் திறக்கும், திருகு சிக்காது. பஞ்சு மெலிந்து தட்டையாகிவிட்டால் பஞ்சை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஒருமுறை விழுந்து அடிபட்ட கவசத்தையோ, உள்ளுடலில் மயிரிழை அளவு விரிசல் தெரிகிற கவசத்தையோ, வெளியே எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், மலைக்கு எடுத்துப்போகாமல் புதியது வாங்கிவிட வேண்டும்.